இரண்டு மணித்தியால வெயில்

வைகாசியில் தொடங்கியது.
புரட்டாசியும் பாதி போய்விட்டது.
உப்புப் போத்தலைக் கவிழ்த்துத் தட்டினால்
உப்பு விழுவதில்லை,
யோசிக்கிறது.

அலுமாரிக்குள் ஒரு மஞ்சள் பல்ப்
இரவும் பகலும் எரிகிறது.
சப்பாத்துக்குள் பேப்பரைக் கசக்கித் திணித்திருந்தேன்.
நேற்று வெளியே இழுத்தால்
தலைப்புச் செய்தி முழுவதும்
உள்தோலில் அச்சாகியிருக்கிறது
இடம் வலம் மாறி.

குசினியிலிருந்து ஹோல் வரைக்கும் நைலோன் கயிறு.
அமலதாசின் ஒவ்வீஸ் சேட் ஐந்து,
மகளின் வெள்ளைச் சீருடை இரண்டு,
காய்ந்ததுபோல் நடிக்கும் ஒரு துவாய்.
குனிந்துதான் நடக்கிறோம் எங்கள் வீட்டுக்குள்.
யாராவது வந்தால்
காற்சட்டையை விலக்கித்தான்
முகம் பார்த்துக் கதைக்கவேண்டும்.

லூட்டனிலிருந்து தங்கை பவளராணி
வாட்ஸ்அப்பில் தன் யன்னலைக் காட்டினாள்.
“இஞ்ச சமரே வரேல்லை அக்கா.
ஓகஸ்டில ஹீற்றர் போட்டனான்.”
நான் வெள்ளவத்தை யன்னலைக் காட்டினேன்.
இரண்டு சாம்பல் சதுரங்கள்
கொஞ்சநேரம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.
அவளுடைய மழைக்குச் சத்தமில்லை.
எங்களுடையது பக்கத்துக் கராஜ் தகரத்தில் விழுவது.
“ஃபோனை அப்பிடியே வை,
கேட்டுக்கொண்டு சமைக்கிறன்” என்றாள்.
அரைமணி நேரம் வைத்திருந்தேன்.
டேட்டா முடிந்ததுதான் மிச்சம்.

ஹோல் சீலிங்கில் ஒரு கறை.
ஆனியில் அப்பளம் அளவு.
ஆவணியில் சுளகு.
“அது மழை” என்றாள் மேல்வீட்டு ஹினாயா.
“அது உங்கட பாத்ரூம்” என்றேன் நான்.
பிளம்பர் வந்து அண்ணாந்து பார்த்து
“ரெண்டும்தான்” என்று சொல்லி
இரண்டு வீட்டிலும் காசு வாங்கிக்கொண்டு போனான்.
அதற்குப் பிறகு நானும் ஹினாயாவும்
லிஃப்டில்
இலக்கங்களை மட்டும் பார்த்தோம்.

போன செவ்வாய் பத்து ஐம்பதுக்கு
வெயில்.

முதலில் ஒருவரும் நம்பவில்லை.
பிறகு படிக்கட்டு முழுக்க வாளிகள்.
மொட்டைமாடியில்
கட்டிடமே உள்ளாடையோடு நின்றது.
மெத்தைகள், ஹார்மோனியம் ஒன்று, திறந்த சூட்கேஸ்கள்.
மிஸ்டர் ஜயலத் காணி உறுதிகளை ஒவ்வொரு தாளாகப் பரப்பி
தாளுக்கு ஒரு செருப்பு வைத்தார்.
செருப்பு போதாமல்
எங்களிடமும் கேட்டு வாங்கினார்.
வெறுங்காலோடு நின்றோம், சுடும் சீமெந்தில்,
கால் மாற்றி மாற்றி,
சிரித்துக்கொண்டு.

கொடியில் எனக்கு இரண்டு முழம் கிடைத்தது.
அடுத்த இரண்டு முழம் ஹினாயாவுக்கு.
என்னிடம் கிளிப் போதவில்லை.
அவள் தரவில்லை.
நான்கு கிளிப்பை என் பக்கத்துக் கயிற்றில்
சும்மா கொளுவிவிட்டு
வேலைக்குப் போய்விட்டாள்.

கீழே மாத்தறை ரயில் போனது.
கதவில் தொங்கியவர்களின் சேட்டெல்லாம்
எவ்வளவு லேசாகப் படபடத்தன!

பன்னிரண்டு ஐம்பத்தைந்து.
கடற்பக்கம் கறுத்தது.
ஓடிப்போய் வாரினேன்.
எது யாருடையதென்று பார்க்க
மழை இடம்விடவில்லை.
வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன்:
அவளுடைய அபாயா ஒன்று,
மகனின் கிரிக்கெட் ஜேர்சி,
தலையணை உறை மூன்று.
ஓரங்களில் இன்னும் ஈரம்.
அமலதாசின் சேட்டுகளைத் தள்ளிவிட்டு
ஃபேனுக்கு நேரே அவற்றைப் போட்டேன்.
ஏனென்று அவர் கேட்டார்.
கிளிப் கணக்கு என்றேன்.

ஏழு மணிக்குப் பெல் அடித்தது.
கயிற்றுக்குக் கீழே குனிந்து வந்தாள்.
“காஞ்சிட்டா?”
“இல்லை. நாளைக்கு வாங்கோ.”

போகத் திரும்பியவளின் தோளில்
ஒரு சொட்டு.
அண்ணாந்து கறையைப் பார்த்தாள்,
சுளகையும் தாண்டிவிட்ட அதை,
முதல்முறையாக.
விரலால் தோளைத் தொட்டு
மூக்கருகே கொண்டுபோனாள்.

“சவுக்கார வாசம்” என்றாள்,
மெதுவாக.